ஒண்டியாக இறைத்த தண்ணீர்

ஒண்டி என்கிற சொல்லை எங்கள் பக்கத்து ஜனங்கள் எத்தனை விதமாகப் புழங்குவார்கள் என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தால் பொழுது போவது தெரியாது. எங்கள் பக்கம் என்றால் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, மலையாளச் சீமைக்குள் இருந்துகொண்டே கோயமுத்தூர்ப் பேச்சுப் பேசுகிற தோட்டக்காட்டு ஊர்கள். காட்டு நடுவில் தனியாக நிற்கிற பனை ஒண்டிப்பனை. ஜோடியை இழந்த காளை ஒண்டி மாடு. அதைச் சந்தைக்கு ஓட்டிப்போனால் வாங்க வருகிறவன் பல்லைக்கூடப் பிடித்துப் பார்க்க மாட்டான். கல்யாணம் ஆகாதவர் ஒண்டிக்கட்டை.

இதெல்லாம் வெறும் கணக்கு. ஒருவர் செய்த காரியத்தோடு சேரும்போதுதான் அந்தச் சொல்லுக்கு ருசி ஏறும். "ஒண்டியா நின்னு கொட்டாய் போட்டானப்பா" என்று ஓர் ஆண்பிள்ளையைச் சொன்னால் அவர் மீசையைத் தடவிக்கொள்வார். "ஒண்டியா கெடந்து சீரளியறா" என்று ஒரு பெண்பிள்ளையைச் சொன்னால் கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஒரே சொல்தான். அவருக்குத் தலைப்பாகை கட்டும், இவளுக்கு முக்காடு போடும்.

அந்தச் சொல்லை என் அம்மா ஒரு பகல் பொழுதில் புரட்டிப்போட்டாள். அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ.

எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக ஒரு கிணறு இருந்தது. பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தார்கள், மாடுகளைப் பிரித்தார்கள், அண்டா குண்டாவைப் பிரித்தார்கள். கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. ஆகவே முறை வைத்தார்கள். ஒரு நாள் அவர்கள் இறைக்க வேண்டும், மறுநாள் நாங்கள். முறை வந்த நாளில் மாடு பூட்டாவிட்டால் அன்றைய தண்ணீர் மற்றவருக்கு. அப்படியே தொடர்ந்து விட்டுக்கொண்டே வந்தால் பிறகு கிணற்றைப் பற்றி வாய் திறக்கவே முடியாது. இது எங்கும் எழுதி வைத்ததில்லை என்றாலும் ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம்.

அந்தப் பங்குனியில் அப்பா ஊரில் இல்லை. மழை பொய்த்துக் காசுக்குக் கைமுட்டுப்பாடு வந்ததால் தேவிகுளம் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் மரம் அறுக்கப் போயிருந்தார். மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையை ஓட்ட ஓர் ஆளை அமர்த்திவிட்டுத்தான் போனார். நாலு முறை ஒழுங்காக வந்தவன் அப்புறம் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையாம் என்று சொல்லியனுப்பினான். முடியாத உடம்போடு அவன் பெரியப்பா வீட்டுக் கட்டுத்தறியில் சாணி அள்ளிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். இப்படி எங்களுக்கு இரண்டு முறை தவறிப்போயிற்று. கதிர் வாங்குகிற ராகி மத்தியான வெயிலில் தாள் சுருண்டு நின்றது. இந்த முறையும் தவறினால் ராகியும் இல்லை, கிணறும் இல்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். புருஷனுக்கு மூத்தவரோடு பெண்கள் நேராகப் பேச மாட்டார்கள். அம்மா பெரியப்பாவின் முன்னால் நின்றதுகூட இல்லை. பேசியே தீரவேண்டிய சங்கதி என்றால் நடுவில் ஒரு குழந்தை நிற்க வேண்டும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்ற குழந்தை நான்தான். அவர் வேலிக்கு அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு. ஒருவர் பேசுவது மற்றவர் காதில் தெளிவாக விழும். ஆனாலும் என் வாய் வழியாக வந்தால்தான் அது பேச்சு.

எங்கள் முறைக்கு முதல் நாள் சாயங்காலம் பெரியப்பா வந்து வேலியோரம் நின்றார். கூடவே சித்தப்பா முறை ஆகிற பங்காளி ஒருவர். எந்த வழக்கிலும் சட்டம் பேசுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"அம்மிணி, உங்கம்மாகிட்டச் சொல்லு," என்றார் பெரியப்பா. "ஆம்பளை இல்லாத ஊட்டுக்கு இந்தக் கெணத்துல அவகாசம் இல்லைன்னு சொல்லு. உன்ற அப்பன் மலையில இருந்து எறங்கி வரட்டும். அதுவரைக்கும் ரெண்டு முறையும் நானே எறச்சுக்கறேன்."

அவகாசம் என்றால் எங்கள் ஊரில் உரிமை. மலையாளக் கோர்ட்டுக் கச்சேரிச் சொல். பெரியப்பா கச்சேரிக்குப் போய்வந்த நாளிலிருந்து சோறு தின்பதற்குக்கூட அவகாசம் பேசுவார்.

நான் அம்மாவிடம் திரும்பி, அவளுக்குக் கேட்டிருந்ததை மறுபடி சொன்னேன்.

"நாளைக்கு எங்க முறைங்க, மாடு பூட்டுவோம்னு சொல்லு கண்ணு," என்றாள் அம்மா, வேப்பமரத்தைப் பார்த்து.

"ஆரு பூட்டறதாமா?"

"நாந்தான்னு சொல்லு."

சித்தப்பா இடுப்பில் கை வைத்தார். கவலை ஓட்டுகிறவர் மாடு சரிவில் இறங்கும்போது வடக்கயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அந்தக் கனமும் சேர்ந்தால்தான் தண்ணீர்ச் சால் மேலே வரும். பெண்பிள்ளை யாரும் அந்தக் கயிற்றில் உட்கார்ந்து எங்கள் ஊர் பார்த்ததில்லை. "வடத்துல பொம்பளை உக்காந்தா கெணறு வத்திப்போகும்னு சொல்லுவாங்களே, அதைக் கேட்டயா அம்மிணி?" என்றார் அவர்.

"வத்தறதுக்கு அதுல தண்ணி ஆரு உட்டு வெச்சிருக்கறாங்கன்னு கேளு கண்ணு."

இதை எப்படிச் சொல்வது என்று நான் விழித்தேன். சொல்லத் தேவையிருக்கவில்லை. பெரியப்பாவின் முகம் ஏற்கனவே சிவந்துவிட்டது.

"ஒண்டியா எறச்சுப்போடுவாளாமா?" என்றார்.

"ஒண்டியாவே எறச்சுக்கறேன்னு சொல்லு."

அந்தச் சொல்லை அவர் பந்து பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார். "சரி. ஒண்டியான்னா ஒண்டியாத்தான். பொளுது எறங்கறதுக்குள்ள காடு பூராவும் பாயோணும். இன்னொரு ஆளு கைவெச்சாக் கெணறு எனக்கு. அப்பறம் முறை கிறைன்னு ஆரும் வாயத் தொறக்கப்படாது."

"இருங்கண்ணா," என்றார் சித்தப்பா. "ஒண்டின்னா எப்பிடி? மாடு ஆளுல சேருமா?"

"மாடு எப்பிடீப்பா சேரும்?"

"சேராது, சரி. கவலை ஓட்டறவளே காட்டுக்குள்ள ஓடி மடையும் திருப்போணுமா? ஒரு ஆம்பளைக்கே ஆகாத காரியமாச்சுங்களே."

"மடைக்கு எம்புள்ளை இருக்குதுன்னு சொல்லு," என்றாள் அம்மா.

பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "இதா? இது ஒரு ஆளா? இதைச் சேத்தாலும் ஒண்டிதான், சேக்காட்டியும் ஒண்டிதான். மம்பட்டி இதைத் தூக்கிட்டுப் போகாம இருந்தாச் சரி."

சித்தப்பா அதைத் தீர்ப்பாகவே ஏற்றுக்கொண்டார். மாடு ஆளில்லை, நானும் ஆளில்லை. நான் ஆளே இல்லை என்பதை நானே அம்மாவிடம் திரும்பி என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அன்று எனக்கு ஏறிய கோபம் மறுநாள் முழுக்க இறங்கவில்லை.

விடியும்போதே அம்மா மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சேலையை வரிந்து கட்டி, அப்பாவின் துண்டைத் தலையில் சுற்றியிருந்தாள். பெரியப்பாவும் சித்தப்பாவும் வேலமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மாவும் ஒரு முறம் ஆமணக்குக் காயோடு வந்து ஓரமாக உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். பாகம் பிரிந்ததிலிருந்து அவளுக்கும் அம்மாவுக்கும் பேச்சில்லை. குழந்தை வழியாகக்கூட இல்லை.

அம்மா நுகத்தை வைத்தாள், பூட்டினாள், வடத்தில் ஏறி உட்கார்ந்தாள். மாடுகள் சரிவில் இறங்கின. உருளை கிறீச்சிட்டது. சால் மேலே வந்து தோல்வால் வழியாகத் தொட்டியில் தண்ணீரைக் கொட்டியது. கிணறு வற்றவில்லை. நான் வாய்க்காலில் நின்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

சங்கடம் அதற்கப்புறம்தான் வந்தது. இறங்கின மாடுகள் பின்னுக்கு நடந்து சரிவில் ஏறினால்தான் சால் மறுபடி கிணற்றுக்குள் போகும். வலத்து மாடு இரண்டெட்டு வைத்தது. இடத்து மாடு அசையவில்லை. அம்மா கொஞ்சினாள், தட்டிக்கொடுத்தாள், மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தள்ளினாள். அது அவளை விருந்துக்கு வந்த யாரோ ஒறம்பரை என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றது.

"மாட்டுக்கே தெரியுது," என்றார் பெரியப்பா மரத்தைப் பார்த்து.

எனக்குக் காரணம் தெரியும். அப்பா ஓட்டும்போது அந்த மாட்டை ஒரு வசவு சொல்லி அதட்டுவார். அந்த வசவு காதில் விழாமல் அது ஏறிப் பழக்கமில்லை. பாகம் பிரிந்த ஆத்திரத்தை அண்ணன் முகத்துக்கு நேரே காட்ட முடியாத மனுஷர், மாட்டுக்குப் பங்காளி என்று பேர் வைத்து எல்லாவற்றையும் அதன் தலையில் கொட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கும் இது தெரியும். அவள் கழுத்து வரைக்கும் வந்து நின்ற வார்த்தை மேலே வருமா வராதா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மாமனார் இருந்தவரைக்கும் இருமக்கூட வீட்டுக்குப் பின்னால் போனவள் அவள்.

அம்மா ஒரு தரம் ராகிக் காட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மாட்டின் பக்கம் குனிந்து அந்தத் தோட்டமே கேட்கும்படி சொன்னாள்:

"அடுத்தவன் பங்கத் தின்னு கொளுத்தவனே, ஏறுடா பங்காளி, பின்னால ஏறுடா."

மாடு சரசரவென்று ஏறியது.

வேலமரத்தடியில் சித்தப்பாவுக்குப் புரையேறிற்று. பெரியப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "என்னண்ணா, மாட்டைத்தானே வையறா," என்று சித்தப்பா இருமலுக்கு நடுவே சமாதானம் சொன்னார். அம்மா பேசியது அவரோடு இல்லையே. நடுவில் குழந்தை வைக்கவும் தேவையில்லாத பேச்சு அது.

அடுத்த சாலுக்கும் அதே வசவு. அதற்கடுத்த சாலுக்கும் அதே. முதலில் அம்மாவின் குரல் நடுங்கியது. பிறகு நடுக்கம் போயிற்று. பிறகு அதில் ஒரு ராகமே ஏறிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்று கேட்டார்கள். சோற்று வேளை வருவதற்குள் பெரியப்பாவுக்குத் தலைவலி வந்துவிட்டது. வீட்டில் போய்ச் சித்த நேரம் சாய்ந்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார். சித்தப்பாவும் சாப்பிடப் போனார். போகும்போது பெரியப்பா பெரியம்மாவிடம், "நீ இங்கயே இரு. ஆராச்சும் கைவெக்கறாங்களான்னு பாத்துக்க," என்றார்.

"நாம் பாக்கறேன், நீங்க போங்க," என்றாள் பெரியம்மா. பிறகு ஆமணக்குக் காயிடம் சொல்வதுபோல, "சீமையில இல்லாத அதிசயம். பொம்பளை கவலை ஓட்டறாளாமா. இன்னி என்னென்ன பாக்கோணுமோ," என்று நீட்டி முழக்கினாள்.

நான் மண்வெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் மடையை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். திறக்கிற நேரம் தப்பினால் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு பெரியப்பா காட்டுக்குப் போய்விடும். உடைக்க விடவில்லை. முழங்கால் வரைக்கும் சேறு, கையெல்லாம் கொப்புளம். ஈரம் பட்ட ராகித் தாள் ஒவ்வொரு பாத்தியாக நிமிர்ந்துகொண்டே வந்தது. என்னை ஆளில்லை என்றவர் வந்து பார்க்கட்டும் என்று ஒவ்வொரு மடைக்கும் ஒரு தரம் சொல்லிக்கொண்டேன்.

வெயில் சாயத் தொடங்கிய நேரம். கிணற்றுமேட்டில் உருளைச் சத்தம் திடீரென்று நின்றுவிட்டது. கூடவே அம்மா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஓடினேன்.

வடக்கயிறு உருளையிலிருந்து நழுவி, உருளைக்கும் கல்தூணுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டிருந்தது. நிறைந்த சால் பாதிக் கிணற்றில் தொங்குகிறது. மாடுகள் பாதிச் சரிவில் நின்று திணறுகின்றன. கல்லின் விளிம்பில் உரசி வடம் இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது. அது அறுந்தால் மாடுகள் இரண்டும் சரிவில் தலைகுப்புற விழுந்து கால் ஒடியும். அம்மா மாட்டை விட்டு வர முடியாது. அவள் மாடுகளை ஓரெட்டு பின்னால் தள்ளிக் கயிற்றைத் தளர்த்துகிற அந்த நொடியில் யாராவது அதைத் தூக்கி உருளைமேல் போட வேண்டும். நான் கல்லில் ஏறி எக்கிப் பார்த்தேன். என் விரல் நுனிக்கும் எட்டவில்லை.

முறம் கவிழ்கிற சத்தம் கேட்டது. ஆமணக்குக் கொட்டைகள் உருண்டு ஓடின. பெரியம்மா என்னை இடுப்போடு தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டுக் கல்லில் ஏறினாள். அம்மாவைப் பார்க்கவில்லை. "ஊம்," என்று மட்டும் சொன்னாள். அம்மா பங்காளியை வைதாள். மாடுகள் ஓரெட்டு ஏறின. பெரியம்மா இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்து உருளைமேல் எறிந்தாள். எறிந்த வேகத்தில் கயிறு அவள் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடிற்று. சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டியது.

அவள் கல்லிலிருந்து இறங்கிக் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "என்னத்தைப் பாத்துட்டு நிக்கறே? போயி மடையப் பாரு, போ," என்று என்மேல் எரிந்து விழுந்தாள். நான் மடைக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் வேலமரத்தடியில் குந்தி உருண்டுபோன கொட்டைகளை இடது கையால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உருளை பழையபடி கிறீச்சிட்டது.

பொழுது பனைமரத்துக்குக் கீழே இறங்குமுன் கடைசிப் பாத்தியும் நிறைந்துவிட்டது. அந்த மடையை அடைத்துவிட்டு மண்வெட்டியை ஊன்றி நின்றபோது காடு முழுக்க ஈரமாகப் பளபளத்தது. அம்மா மாட்டை அவிழ்த்து இரண்டின் நெற்றியிலும் தண்ணீரைத் தடவினாள். பங்காளியின் காதில் மட்டும் என்னவோ மெதுவாகச் சொன்னாள். மன்னிப்பாக இருக்கும்.

பெரியப்பாவும் சித்தப்பாவும் வந்தார்கள். களைக்காரப் பெண்களும் வேடிக்கை பார்க்க வேலியோரம் சேர்ந்துவிட்டார்கள். சித்தப்பா காட்டுக்குள் இறங்கி நாலு மூலையிலும் கால் விரலால் சேற்றை அழுத்திப் பார்த்தார். "பாஞ்சிருக்குதுங்கண்ணா. மூலை முடுக்கெல்லாம் பாஞ்சிருக்குது," என்றார்.

பெரியப்பா பெரியம்மா பக்கம் திரும்பினார். "ஆராச்சும் கைவெச்சாங்களா?"

"இந்தத் திமிருக்கு ஆரு கைவெப்பா?" என்றாள் பெரியம்மா. "மாட்டை வைஞ்சு வைஞ்சே ஒண்டியா எறச்சுப்போட்டா. எங்காதுதான் ஓட்டையாப் போச்சு."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "அம்மிணி, உங்கம்மாளைக் கேளு. ஒண்டியாத்தான் எறச்சாளான்னு கேளு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மாட்டின் மறுபக்கம் நின்றிருந்தாள்.

"ஒண்டியாத்தான் எறச்சேன்னு சொல்லு கண்ணு."

அதுவரைக்கும் அவர்கள் பேச்சையெல்லாம் ஒரு சொல் மாறாமல் கொடுத்து வாங்கியிருந்தேன். இதை மட்டும் என்னால் கொடுக்க முடியவில்லை. கொப்புளம் எரிந்தது. எல்லாருக்கும் முன்னால் வாய் திறந்து சொன்னேன்:

"ஒண்டியா இல்லீங்க, பெரீப்பா."

அம்மாவின் கை மாட்டின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது. பெரியம்மா பொறுக்கிய கொட்டையைக் கீழே விட்டாள். பெரியப்பா குனிந்து, ரொம்பப் பிரியமாக, என் தோளில் கை வைத்தார்.

"அப்பிடிச் சொல்லு சாமி. பின்ன ஆரு கைவெச்சா?"

"நானு," என்றேன். "நாந்தானுங்க அத்தனை மடையும் திருப்பினேன். ஒரு மடை ஒடையலை. நீங்களே போயிப் பாருங்க."

முதலில் சிரித்தவர் சித்தப்பா. அப்புறம் வேலியோரம் முழுக்கச் சிரித்தது. "நீங்கதானுங்கண்ணா இதை ஆளுல சேக்கலை," என்று சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்குச் சேக்க முடியாதுங்க. சட்டம் சட்டந்தான்."

பெரியப்பா என் தோளிலிருந்து கையை எடுத்தார். "முறை உங்களுதுதான்னு உங்கம்மாகிட்டச் சொல்லு," என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்கப்புறம் அந்தக் கிணற்றில் அவகாசப் பேச்சு எழவில்லை. அந்த ராகியைத்தான் அந்த வருஷம் தின்றோம். அப்பா மலையிலிருந்து வந்தபோது ஊர் எல்லையிலேயே, "உங்கூட்டுல ஒண்டியா எறச்சுப்போட்டாங்கப்பா" என்று அவரை நிறுத்திச் சொன்னார்களாம். யாரும் உச்சுக்கொட்டவில்லை. தலைப்பாகைக்காரருக்குச் சொல்கிற குரலில்தான் சொன்னார்கள். எனக்குத்தான் அதைக் கேட்கும்போதெல்லாம் உதடு பிதுங்கும். நான் திருப்பிய மடைகளை ஊர் அதற்குள் மறந்துவிட்டதே.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாரும் சிரிக்கும்போது அம்மா மாட்டைச் சுற்றி வந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் உடம்பு ஏன் அப்படி உதறுகிறது என்று நான் யோசிக்கவில்லை. கவலை ஓட்டினால் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தேன். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் பெரியம்மாதான். மரத்தில் சாய்ந்து, முந்தானை சுற்றிய கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் தாரையாக ஓடச் சிரித்தாள். நான் பேசியது அவளுக்கு அத்தனை பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. அதனால் அவளுக்காகவே, அம்மாவின் இடுப்பிலிருந்து, இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன்.

"நானுந்தான் எறச்சேன். வேற ஆரும் இல்லை."